முஸ்லிம் நாட்டுக்குப் பயணம்: பெட்டி கட்டும் முன் கட்ட வேண்டியவை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



நமது ஊர்களில் வெளிநாட்டுப் பயணம் இல்லாத வீடு குறைவு. சவூதி, துபை, கத்தர், குவைத், மலேசியா, புருணை என்று எங்கோ ஓர் இடத்தில் வீட்டில் ஒருவராவது சபராளியாக இருக்கிறார். அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ ஒரு பிள்ளை கிளம்பினால் தொழுகை என்ன ஆகும், சாப்பாடு ஹலாலா, சேர்க்கை எப்படி என்று பெற்றோர் நூறு கேள்வி கேட்கிறார்கள். வளைகுடா என்றால் ஒரு கேள்வியும் இல்லை. "முஸ்லிம் நாடுதானே, எல்லாம் சரியாக இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

அந்த வார்த்தையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். பாங்கு கேட்கும் ஊர், பள்ளிவாசல் நிறைந்த தெரு, ஹலாலான உணவு இவையெல்லாம் அல்லாஹ்வின் பெரிய நிஃமத்துகள். ஆனால் கடன், ஒப்பந்தம், அமானிதம், மனைவி மக்களின் ஹக்கு ஆகியவற்றை நாம்தான் நிறைவேற்ற வேண்டும். எந்த நாடும் நமக்காக அவற்றைச் செய்து தராது. போகும் இடம் முஸ்லிம் நாடு என்பதால் இந்தப் பொறுப்புகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை.

ஹிஜ்ரத் என்ற பயண ஏற்பாடு

பயணத்திற்கு எப்படித் தயாராவது என்பதை நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்திலிருந்தே படிக்கலாம். அது தீனுக்கான பயணம். நம்முடையது சம்பாத்தியத்திற்கான பயணம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் குடும்பத்திற்கு ஹலாலான உணவு தேட வேண்டும் என்ற நிய்யத்தோடு கிளம்பினால் நம் பயணமும் இபாதத்தாக ஆகும். ஊரில் நாலு பேர் மெச்ச வீடு கட்ட வேண்டும் என்பதே நிய்யத்தாக இருந்தால் அதுதான் கிடைக்கும். எல்லாச் செயல்களும் நிய்யத்தைப் பொறுத்தவை என்ற ஹதீஸில் நபியவர்கள் உதாரணமாகச் சொன்னதே ஹிஜ்ரத்தைத்தான்.

அந்தப் பயணத்தின் ஏற்பாட்டைப் பாருங்கள். அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதம் தீனி போட்டு வளர்த்தார்கள் என்று புகாரியில் வருகிறது. கிளம்பும் நேரம் வந்தபோது ஒன்றை நபியவர்களிடம் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். நபியவர்களோ விலைக்குத்தான் வாங்கிக்கொண்டார்கள். உயிர்த் தோழர் கொடுத்தும், உயிருக்கு ஆபத்தான நேரத்திலும், தம் பயணச் செலவைத் தாமே ஏற்றார்கள்.

அஸ்மா (ரலி) அவர்கள் உணவுப் பையைக் கட்டக் கயிறு இல்லாமல் தம் இடுப்புக் கச்சையைக் கிழித்துக் கட்டினார்கள். எந்தப் பாதையில் போவது, தவ்ர் குகையில் எத்தனை இரவு தங்குவது, மக்காவின் செய்தியை யார் கொண்டுவருவது என்று எல்லாமே முன்கூட்டித் திட்டமிடப்பட்டிருந்தன. அல்லாஹ்வின் பாதுகாப்பு நிச்சயம் என்று அறிந்த நபியே இவ்வளவு ஏற்பாடு செய்தார்கள் என்றால், ஏற்பாடு செய்யாமல் கிளம்புவதற்கு நாம் தவக்குல் என்று பெயர் வைக்கலாமா?

திருப்பிக் கொடுக்க வேண்டியது முதலில்

இந்த ஏற்பாடுகளில் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. கொலை செய்யத் திட்டமிட்ட எதிரிகளின் ஊர் அது. அந்த ஊர் மக்களே தங்கள் பொருட்களை நபியவர்களிடம் அமானிதமாகக் கொடுத்து வைத்திருந்தார்கள். நபியவர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு போகவில்லை, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடவுமில்லை. உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். அலீ (ரலி) மூன்று நாட்கள் தங்கி எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகே மதீனா புறப்பட்டார்கள்.

ஆகவே பயணம் போகிறவர் பெட்டி கட்டும் முன்னால் ஒரு தாளை எடுத்து உட்கார வேண்டும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும்? கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிடுங்கள். முடியாததை எழுதி, கடன் கொடுத்தவரிடம் நேரில் போய்த் தவணை கேளுங்கள். சொல்லாமல் விமானம் ஏறுவது முஃமினுக்கு அழகல்ல. உயிரையே கொடுத்த ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

மனைவிக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி இருந்தால் அதுவும் கடன்தான். மனைவியின் நகையை வாங்கி அடகு வைத்து விசாவுக்குப் பணம் கட்டுவது நம் வீடுகளில் சகஜம். அந்த நகை அவருடையது. வட்டி அடகுக்குப் போகாமல் வேறு வழி தேடுங்கள். அவர் மனம் ஒப்பித் தந்தாரா, கட்டாயத்தில் தந்தாரா என்று கேளுங்கள். தந்ததை எழுதி வையுங்கள். முதல் சம்பளத்திலிருந்து அடைக்க வேண்டிய கடன்களில் அதுவும் ஒன்று.

அடுத்தது வஸிய்யத். சொல்ல வேண்டியது ஏதாவது உள்ள ஒரு முஸ்லிம், வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக்கூடக் கழிக்கக் கூடாது என்று நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். இரண்டு வருடத்திற்குக் கிளம்புகிறவர் எழுதாமல் போகலாமா? வாரிசுகளின் பங்கை அல்லாஹ் தீர்மானித்துவிட்டான். நாம் எழுத வேண்டியது நம் கடன், நமக்கு வர வேண்டியது, நம்மிடம் உள்ள அமானிதம், வங்கிக் கணக்கு, பத்திரம் இருக்கும் இடம், காப்பீடு ஆகியவை. ஒரு பிரதி மனைவியிடம், ஒரு பிரதி நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

வீட்டில் கைச்செலவுக்கும் வைத்துவிட்டுப் போக வேண்டும். அபூபக்கர் (ரலி) தம்மிடமிருந்த பணம் முழுவதையும் ஹிஜ்ரத்தில் எடுத்துச் சென்றார்களே, அஸ்மா (ரலி) பார்வையிழந்த பாட்டனாரைச் சமாதானப்படுத்தக் கற்களைத் துணியால் மூடி வைத்து அவர் கையை அதன்மேல் வைத்தார்களே என்று ஒருவர் கேட்கலாம். அது நபியின் உயிரைக் காக்கும் நெருக்கடி. நாம் கிளம்புவதோ வீட்டாருக்கு உணவு தேடி. முதல் சம்பளம் கைக்கு வர இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை வீட்டில் அடுப்பெரிய வழி செய்யாமல் போனால் பயணத்தின் நோக்கமே அடிபடுகிறது. நம் பொறுப்பில் உள்ளவர்களைக் கவனிக்காமல் விடுவதே ஒருவரைப் பாவியாக்கப் போதும் என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது.

வழிகாட்டியும் ஏஜெண்டும்

ஹிஜ்ரத்துக்கு வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் யார் தெரியுமா? அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது முஸ்லிமாகக்கூட இல்லை. குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தார். அவருக்குப் பாதை தெரியும், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார். அந்த இரண்டையும் பார்த்துத்தான் ஒட்டகங்களையே அவரிடம் ஒப்படைத்தார்கள். மூன்று இரவு கழித்துச் சொன்ன நேரத்தில் வந்து நின்றார்.

நாம் எப்படி ஏஜெண்டைத் தேர்ந்தெடுக்கிறோம்? "நம்ம பாய்தான், தொழுகையாளி" என்கிறோம். தொழுகையாளியாக இருப்பது நல்லதே. அதோடு, மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு பெற்ற முகவரா என்று பாருங்கள். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவில்லாமல் ஆள் அனுப்புவது குற்றம். முகவர் தன் சேவைக்கு வாங்கக்கூடிய கட்டணத்துக்கு விதியில் உள்ள உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் வரி. லட்சக்கணக்கில் கேட்டால் ஏன் என்று கேளுங்கள், ரசீது கேளுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். வகையில் வரும். சவூதி, அமீரகம், கத்தர், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் திட்டம் அது. இந்த அனுமதியைத் தவிர்க்கத்தான் சிலர் விசிட் விசாவில் அனுப்பி, "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். மாற்ற முடியாமல் போனால் சம்பளமும் இல்லை, சட்டப் பாதுகாப்பும் இல்லை. "ஃப்ரீ விசா" என்றும் விற்கிறார்கள். அப்படி ஒரு விசா எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு கஃபீலின் பெயரில் விசா வாங்கி, உரிய அனுமதியின்றி வேறோர் இடத்தில் வேலை செய்தால் பிடிபடுகிற அன்று தண்டனை நமக்குத்தான்.

கையெழுத்து ஓர் அஹ்து

சூரா மாயிதாவின் முதல் வசனமே முஃமின்களை அழைத்து ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்கிறது. விசா என்பது ஓர் ஒப்பந்தம். வேலைப் பத்திரம் ஓர் ஒப்பந்தம். அந்த நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன் என்பதும் அதில் அடக்கம். படிக்காமல் எப்படி நிறைவேற்றுவது?

கையெழுத்துப் போடும் முன் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, வேலை நேரம், தங்குமிடம், சாப்பாடு, மருத்துவம், விடுமுறை, திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்று படித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுத்துக் கேளுங்கள். ஜும்ஆவுக்குப் போக நேரம் உண்டா என்றும் கேளுங்கள். முஸ்லிம் நாட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறைதானே என்று நினைக்க வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்திய அரசு அலுவலகங்களில் 2022 ஜனவரி முதல் வெள்ளி அரைநாள் வேலை. சனியும் ஞாயிறும்தான் விடுமுறை. கடையிலும் ஓட்டலிலும் வேலை பார்ப்பவருக்கு அதுவும் இல்லாமல் இருக்கலாம்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு தொகுப்பை வீட்டில் வையுங்கள். படிப்புச் சான்றிதழின் சான்றொப்பத்தை இங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வெளிநாடு போய்விட்டால் இங்குள்ள சாதாரண வங்கிக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும் என்பதும் சட்டம்.

பெட்டிக்குள் என்ன?

யமன் நாட்டிலிருந்து சிலர் உணவு எதுவும் எடுக்காமல், "நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்" என்று சொல்லி ஹஜ்ஜுக்கு வருவார்கள். மக்கா வந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. அப்போதுதான் சூரா பகராவின் 197-ஆவது வசனம் இறங்கி, பயணத்துக்குத் தேவையான கட்டுச்சோற்றை எடுத்துக்கொள்ளும்படி கட்டளையிட்டது. கட்டுச்சோற்றில் சிறந்தது தக்வா என்றும் சொன்னது. இரண்டும் ஒரே வசனத்தில்தான் வருகின்றன.

நம் பெட்டியில் ஊறுகாய், மசாலாத்தூள், இடியப்ப மாவு எல்லாம் இருக்கும். கசகசா மட்டும் வேண்டாம். நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் சாதாரணப் பொருள்தான். சவூதியிலும் அமீரகத்திலும் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது. தெரியாமல் கொண்டுபோய்ச் சிறை சென்றவர்கள் உண்டு. அரைத்த மசாலாவிலும் கலந்திருக்கலாம் என்பதால் உம்மாவிடமும் மனைவியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பான், குட்கா வகைகளும் வேண்டாம்.

மருந்திலும் கவனம் தேவை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை, சில தூக்க மாத்திரைகள், நரம்பு மாத்திரைகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. வழக்கமாக மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவர் சீட்டோடு, கடை உறையிலேயே, தேவையான அளவு மட்டும் எடுங்கள். அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் முன்அனுமதி தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வளைகுடா என்றால் வெயில் மட்டும்தான் என்று நினைத்துக் கம்பளி இல்லாமல் போகிறார்கள். ரியாதிலும் குவைத்திலும் ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்கும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஒரு சிறிய முஸல்லா, பழகிய குர்ஆன் பிரதி, தர்ஜமா இவையும் இடம் பிடிக்கட்டும். தமிழில் தர்ஜமா எல்லா ஊரிலும் கிடைக்காது.

இனி, இன்றைய பேச்சில் மிக முக்கியமானது. பயணச் செய்தி தெரிந்ததும் பார்சல் வரும். "என் மச்சானுக்குக் கொஞ்சம் மருந்து", "என் மகனுக்குக் கொஞ்சம் பலகாரம்". உதவுவது நல்லதுதான். ஆனால் விமான நிலையத்தில் அந்தப் பெட்டி உங்கள் பெயரில் இருக்கிறது. உள்ளே இருப்பது எதுவானாலும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். போதைப்பொருள் என்றால் சவூதியில் மரண தண்டனை வரைக்கும் போகும். எனவே ஒட்டிய பார்சலை வாங்காதீர்கள். அவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்து, நீங்களே கட்டுங்கள். பிரிக்க விடாவிட்டால் சலாம் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். இது அவரைப் பற்றிய தவறான எண்ணம் ஆகாது. அமானிதத்தை ஏற்பவர் எதை ஏற்கிறோம் என்று தெரிந்து ஏற்க வேண்டும். கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல்: பிரித்துக் காட்டுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் வாழ்வு அந்தப் பெட்டியில் இருக்கிறது.

வழியிலும் போன இடத்திலும் தொழுகை

விமான நேரத்தைப் பார்த்து, எந்தத் தொழுகை வானத்தில் வரும் என்று முன்பே கணக்கிடுங்கள். உளூவோடு ஏறுங்கள். ஊர் எல்லையைத் தாண்டியதிலிருந்து கஸ்ர் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஜம்உ செய்யவும் சலுகை இருக்கிறது; ஹனஃபி மத்ஹபில் பயணத்திற்காக அப்படிச் சேர்ப்பதில்லை.

வேலை பார்க்கும் ஊரை அடைந்ததும் இந்தச் சலுகை முடிகிறது. "நான் வெளிநாட்டில்தானே இருக்கிறேன், முஸாஃபிர்தானே" என்று வருடக்கணக்கில் கஸ்ர் செய்கிறவர்கள் உண்டு. வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தாலே ஷாஃபிஈயில் முகீம். ஹனஃபியில் 15 நாள். இரண்டு வருட விசாவில் போனவர் இரண்டு மத்ஹபுப்படியும் முகீம்தான். முழுமையாகத் தொழ வேண்டும். விடுமுறையில் சொந்த ஊருக்கு வந்தால், மூன்றே நாள் தங்கினாலும் இங்கே அவர் முஸாஃபிர் அல்ல.

அங்கே தொழும் முறைகள் பலவாக இருக்கும். சவூதியிலும் கத்தரிலும் ஹன்பலி, அமீரகத்திலும் குவைத்திலும் மாலிகி, மலேசியாவிலும் புருணையிலும் ஷாஃபிஈ என்று வழக்கம் மாறும். கையைத் தொங்கவிட்டுத் தொழுபவரைப் பார்ப்பீர்கள். ஸுப்ஹில் குனூத் இல்லாத இமாமைப் பின்பற்றுவீர்கள். ஊரில் கற்ற மஸ்அலாவை மறக்க வேண்டாம். அதை வைத்து அறையில் சண்டையும் வேண்டாம்.

சந்தை எங்கே?

மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ துஆ செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். அவ்வளவு பெரிய சகோதரத்துவம் கண்முன்னே இருந்தும் தம் உழைப்பை நம்பினார்கள். முதலாளியும் முஸ்லிம்தானே, பார்த்துக்கொள்வார் என்று உட்காருபவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

முஸ்லிம் நாட்டிலும் வட்டி வங்கி உண்டு. வேலையில் சேர்ந்த மாதத்திலேயே கடன் அட்டையும் தனிநபர் கடனும் தேடி வரும். வாங்கிக் கட்ட முடியாமல் போனால் பயணத் தடை விழுந்து, உம்மாவின் ஜனாஸாவுக்குக்கூட வர முடியாமல் போகலாம். நம் ஊர்ப் பள்ளிவாசலுக்கென்றாலும் அனுமதியின்றி நிதி வசூலிப்பது அமீரகத்தில் குற்றம். நல்ல காரியத்தையும் சட்டப்படிதான் செய்ய வேண்டும்.

போன புதிதில் மனம் ஊரைத் தேடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மதீனாவுக்கே போன அபூபக்கர் (ரலி), பிலால் (ரலி) இருவரும் காய்ச்சலில் படுத்தார்கள். பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கையும் புல்லையும் நினைத்து ஏங்கினார்கள். நபியவர்கள் அவர்களைக் கண்டிக்கவில்லை. மக்காவைப் போல, அதைவிட அதிகமாக மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்கு என்று அல்லாஹ்விடம் கேட்டார்கள். போன ஊரை நேசிக்க நீங்களும் துஆ செய்யுங்கள்.

விட்டுச் செல்பவர்களின் ஹக்கு

உமர் (ரலி) அவர்கள் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வருகின்றன. அதற்குமேல் படைவீரர்களை வெளியே நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தார்கள். ஜிஹாதுக்குப் போனவர்களுக்கே இந்தக் கணக்கு என்றால், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று போகிற நாம் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? அவர் மனப்பூர்வமாகச் சம்மதித்தாரா? எப்போது வருவோம், எப்போது அவரை அழைத்துக்கொள்வோம், எத்தனை வருடத்தில் இந்தச் சபரை முடிப்போம் என்று பேசி முடிவெடுங்கள். முடிவில்லாத பயணமாக்கி விடாதீர்கள். தந்தையைக் கைப்பேசித் திரையில் மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கும் நம்மீது ஹக்கு இருக்கிறது.

சகோதரர்களே! பயணம் புறப்படுபவரை வழியனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் ஓதிய துஆவில் மூன்று விஷயங்களை அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டார்கள்: அவருடைய தீன், அவருடைய அமானிதம், அவருடைய செயல்களின் முடிவு. இதில் அமானிதம் என்பது அவர் விட்டுச் செல்லும் குடும்பமும், அவர் பொறுப்பில் உள்ள பொருளும் என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். பயணத்தில் தொலைந்துபோகக் கூடியவை எவை என்று அந்த துஆவே நமக்குக் காட்டுகிறது.

இந்த மாதம் புறப்பட இருப்பவர்கள் இன்று அஸருக்குப் பிறகு ஒரு தாள் எடுத்துக் கடனையும் வஸிய்யத்தையும் எழுதத் தொடங்குங்கள். பெட்டியைப் பிறகு கட்டலாம்.

வல்ல ரஹ்மான் நம் சபராளிகளின் தீனையும் உயிரையும் மானத்தையும் பாதுகாப்பானாக! அவர்களின் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் பரக்கத்தாகவும் ஆக்குவானாக! கடன்களை நிறைவேற்றும் வசதியைத் தந்து, குடும்பத்தாரோடு மகிழ்ச்சியாகச் சேர்த்து வைப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.